துத்தநாகம் பிடிக்கும் மனிதப் புரத டொமைன்: கட்டமைப்பு அமையாதபோது எங்கே தேடுவது

துத்தநாக அயனிக்கு நிறம் கிடையாது. டி-எலக்ட்ரான் கூடு முழுதாக நிரம்பியிருப்பதால் காந்தத் தன்மையும் கிடையாது. என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஸ்பெக்ட்ரத்தில் அதற்கென்று ஒரு பீக் வராது. ஆனால் 60, 70 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு டொமைனை (புரதத்தின் தனி மடிப்புப் பகுதியை) மடித்து நிறுத்தி வைப்பதே அதுதான். இவ்வளவு சிறிய டொமைனில் நீரை வெறுக்கும் பக்கக் கிளைகள் சேர்ந்து அமைக்கும் உள்மையம் மிகச் சின்னது. துத்தநாகம் கழன்றால் புரதம் அவிழ்ந்த நூலாகிவிடும். கோளாறு ஸ்பெக்ட்ரோமீட்டர் திரையில் தெரியும். காரணம் பெரும்பாலும் பஃபர் (பி.ஹெச்.ஐ நிலையாக வைக்கும் கரைசல்) பாட்டிலில் இருக்கும்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் உலோகம் இருக்கிறதா என்று அளவிடுங்கள். அடுத்து துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டீன்கள் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) ஒடுக்க நிலையில், அதாவது ஆக்சிஜனேற்றமடையாமல், இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஸ்பெக்ட்ரத்தையும், கடைசியாகக் கட்டமைப்புக் கணிப்பையும் சந்தேகிக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மாதக்கணக்கில் நாள் வீணாகும்.

எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் மனிதரின் பி.ஆர்.சி.ஏ.1 புரதத்தில் உள்ள ரிங் என்ற வகை டொமைனை வைத்துப் பேசுவோம். அதில் இரண்டு துத்தநாகங்கள் உண்டு. முதலாவதை சிஸ்டீன் 24, 27, 44, 47 (எண்கள் அமினோ அமில வரிசையில் அவற்றின் இடம்) பிடிக்கின்றன. இரண்டாவதை சிஸ்டீன் 39, ஹிஸ்டிடின் 41, சிஸ்டீன் 61, சிஸ்டீன் 64 பிடிக்கின்றன. வரிசையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகப் பின்னிக்கொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களில் காணப்படும் சி61ஜி திரிபு இந்த இரண்டாம் இடத்தின் ஒரு சிஸ்டீனைத்தான் பறிக்கிறது.

அறிகுறி: புரதம் உருவாகிறது, ஆனால் மொத்தமும் கரையாத பகுதியில் போய்விடுகிறது

புரதத்தை உருவாக்கும் பாக்டீரியாவின் வளர்ப்பு ஊடகத்தில் துத்தநாகம் போதவில்லை என்பதே முதல் சந்தேகம். ஐசோடோப்பு சேர்த்த எம்9 ஊடகத்தில் நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு லிட்டருக்கு 1 கிராம், கார்பன்-13 குளுக்கோஸ் 2 முதல் 3 கிராம் போட்டு எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பீர்கள். ஆனால் நுண்ணூட்ட உலோகக் கலவையின் செய்முறையை எடுத்துப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் 100 மடங்கு கலவையில் லிட்டருக்கு 5 கிராம் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் சேர்மம்) இருக்கும். எந்த உப்பு வடிவம் என்பதைப் பொறுத்து ஊடகத்தில் அது 0.13 முதல் 0.17 மில்லிமோலார் வரை வரும். நீங்கள் தனியாகச் சேர்க்கும் 50 மைக்ரோமோலார் துத்தநாகத்தை அது அப்படியே விழுங்கிவிடும். ஈ.டி.டி.ஏ. இல்லாத கலவைக்கு மாறுங்கள். துத்தநாக சல்பேட்டை 50 முதல் 100 மைக்ரோமோலார் வரை, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. சேர்க்கும் அதே நேரத்தில், நன்றாகக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். எம்9இல் பாஸ்பேட் அதிகம் என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் துத்தநாக பாஸ்பேட்டாகி வெண்மையாகப் படியும். 100 மைக்ரோமோலாருக்கு மேல் ஏற்றி லாபமில்லை. பாக்டீரியாவின் வளர்ச்சிதான் மந்தமாகும்.

ஐ.பி.டி.ஜி. 0.2 முதல் 0.5 மில்லிமோலார், வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி, இரவு முழுவதும். இதிலும் கரையவில்லை என்றால் டொமைனின் எல்லையைப் பாருங்கள். முதல் உலோகச் சிஸ்டீனுக்கு முன்னும் கடைசி சிஸ்டீனுக்குப் பின்னும் குறைந்தது 5 முதல் 10 அமினோ அமிலங்கள் விட்டு வெட்ட வேண்டும். ஆல்ஃபாஃபோல்டு என்ற கட்டமைப்பு நிரலின் முன்கணிப்பில் ஏதாவது ஆல்ஃபா சுருள் டொமைனின் மேல் சாய்ந்து நின்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை சரி, துத்தநாகம் சரி, இன்னும் திரள்கிறது என்றால் அந்த டொமைன் தனியாக வாழாத வகையாக இருக்கலாம். பி.ஆர்.சி.ஏ.1 ரிங் அப்படிப்பட்டது. 2001இல் வெளியான அதன் என்.எம்.ஆர். கட்டமைப்பு, பி.ஆர்.சி.ஏ.1இன் ரிங் பகுதியும், துணைப் புரதமான பி.ஏ.ஆர்.டி.1இன் ரிங் பகுதியும் சேர்ந்த இணைப்பாகத்தான் தீர்க்கப்பட்டது. ரிங்கின் இரு பக்கமும் உள்ள சுருள்கள் மற்றதன் சுருள்களோடு சேர்ந்து நான்கு சுருள் கட்டாக நிற்கின்றன. துணை இல்லாமல் அந்தப் பக்கம் ஒட்டும் பரப்பாக வெளியே கிடக்கும். திரளாமல் என்ன செய்யும்?

அறிகுறி: ஹெச்.எஸ்.கியூ.சி. ஸ்பெக்ட்ரத்தில் எல்லா பீக்குகளும் 7.8க்கும் 8.5 பி.பி.எம்.க்கும் நடுவே குவிந்திருக்கின்றன

ஹெச்.எஸ்.கியூ.சி. என்பது முதுகெலும்பின் ஒவ்வொரு என்.ஹெச். தொகுதிக்கும் ஒரு பீக் தரும் என்.எம்.ஆர். அளவீடு; பீக்கின் இடத்தை பி.பி.எம்.இல் சொல்வார்கள். மடிந்த துத்தநாக டொமைனில் ஹைட்ரஜன் அச்சில் பீக்குகள் 7 பி.பி.எம்.க்குக் கீழிருந்து 9.5 வரை விரிந்திருக்கும். இரண்டு சிஸ்டீன்களுக்கு நடுவே வரும் வளைவில் முதுகெலும்பு என்.ஹெச். தொகுதிகள் சிஸ்டீனின் கந்தகத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைப்பதால் சில பீக்குகள் 9 பி.பி.எம்.க்கு அப்பால் தள்ளி நிற்கும். அவை வந்துவிட்டன என்றால் மனசு நிம்மதியாகலாம். எல்லாம் நடுவில் குவிந்திருந்தால் புரதம் மடியவில்லை. காரணம் இரண்டில் ஒன்று: துத்தநாகம் இல்லை, அல்லது சிஸ்டீன்கள் டைசல்பைடாகிவிட்டன (இரண்டின் கந்தகங்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன). இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் முதலில் எது என்று பிரித்தறியுங்கள்.

நிறை நிறமாலையில் இரண்டு முறை ஓட்டுங்கள். அமிலக் கரைசலில் ஓட்டினால் உலோகம் கழன்று வெறும் புரதத்தின் நிறை கிடைக்கும். அமினோ அமில வரிசையிலிருந்து கணக்கிட்ட நிறையை விட ஒவ்வொரு டைசல்பைடுக்கும் 2 டால்டன் குறையும். அடுத்து, 10 முதல் 50 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டில், பி.ஹெச். 7க்கு அருகில், மடிப்பு கலையாத நிலையில் ஓட்டுங்கள். ஒரு துத்தநாகத்துக்கு 63.4 டால்டன் கூடும் (65.4இல் இரண்டு ஹைட்ரஜன் போக). நிக்கல் ஏறியிருந்தால் 56.7 மட்டுமே கூடும். இந்த 6.7 டால்டன் வித்தியாசம் முக்கியம். ஹிஸ்-டேக் (பிரித்தெடுக்க ஒட்டிய ஹிஸ்டிடின் தொடர்) வைத்து நிக்கல் தூணில் பிரித்த புரதத்தில் நிக்கல் உள்ளே புகுந்து உட்கார்ந்திருப்பது அரிதல்ல. கார்பன்-13 சேர்த்த மாதிரி கையில் இருந்தால் சிஸ்டீனின் சி-பீட்டா (பக்கக் கிளையின் முதல் கார்பன்) பீக்கே பதில் சொல்லும்: தனியாக ஒடுக்க நிலையில் 28 பி.பி.எம். சுமாருக்கு, துத்தநாகம் பிடித்தால் 31 சுமாருக்கு, டைசல்பைடானால் 41 சுமாருக்கு.

துத்தநாகம் மட்டும் இல்லை என்றால் அதைப் பறித்தது யார் என்று தேடுங்கள். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை ஈ.டி.டி.ஏ. இல்லாத வகையா? டேக்கை வெட்டப் பயன்படுத்திய டி.இ.வி. நொதியின் சேமிப்பு பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறதா? அந்த நொதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வினை பஃபரிலேயே 0.5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. உண்டு. துத்தநாகத்தோடு அதன் பிணைப்பு மாறிலி 10இன் 16ஆம் அடுக்குக்கும் மேல். இவ்வளவு வலிமையான பறிப்பாளரிடம் தப்புவது கடினம். சிஸ்டீன்களை ஒடுக்க நிலையில் வைக்கச் சேர்க்கும் டி.டி.டி.யும் இரண்டு தயோல் (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி) கொண்டதால் துத்தநாகத்தைப் பிடிக்கும். 5, 10 மில்லிமோலார் போட்டுப் பல நாள் வைக்காதீர்கள். சிட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் தவிருங்கள். டிரிஸ், ஹெப்பிஸ், பிஸ்-டிரிஸ் நல்லவை.

டைசல்பைடாகிவிட்டது என்றால் துத்தநாகம் கூட்டிப் பயனில்லை. பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு, 10 முதல் 20 மில்லிமோலார் டி.சி.இ.பி. (தயோல் இல்லாத ஒடுக்கி), பி.ஹெச். 7.5, ஒரு மணி நேரம். பிறகு 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் டயாலிசிஸ் செய்யுங்கள். ரிவர்ஸ் பேஸ் ஹெச்.பி.எல்.சி. தூணிலும் இறக்கலாம். அமிலத்தில் தயோல்கள் புரோட்டானோடு இருப்பதால் ஆக்சிஜன் அவற்றை எளிதில் தொடாது. பழைய உலோகமும் கழன்றுவிடும். அடுத்து ஆர்கான் வாயு ஓடவிட்ட நீரில் புரதத்தை 20 முதல் 50 மைக்ரோமோலாராக நீர்த்து, ஒரு பிணைப்பிடத்துக்கு 1.1 முதல் 1.2 மடங்கு துத்தநாக குளோரைடு சேர்த்து, அதன் பிறகே டிரிஸ் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச்.ஐ 6.8க்கு உயர்த்துங்கள். முதலில் பி.ஹெச்.ஐ உயர்த்திப் பிறகு துத்தநாகம் சேர்த்தால், அந்தச் சில நிமிட இடைவெளியில் வெறும் தயோல்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.

மடிகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. 200 மைக்ரோமோலார் உலோகமில்லாப் புரதத்தில் இரண்டு மடங்கு கோபால்ட் குளோரைடு சேர்த்து 300 முதல் 800 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சலை எடுங்கள். நான்கு சிஸ்டீன் இடமானால் 680 முதல் 750 வரை, இரண்டு சிஸ்டீன் இரண்டு ஹிஸ்டிடின் இடமானால் 570 முதல் 650 வரை பட்டைகள் எழும். கரைசலில் பச்சையோ நீலமோ படரும். பிறகு துத்தநாகம் சேர்த்தால் அது கோபால்ட்டை வெளியே தள்ள, நிறம் கரைந்துபோகும். நிறமே வரவில்லை என்றால் நான்முகி வடிவில் பிடிக்கும் இடம் அங்கே இல்லை. 10 நிமிட வேலை. நாள்கணக்கில் என்.எம்.ஆர். நேரம் கேட்பதற்கு முன் இதைச் செய்வதே நல்லது.

அறிகுறி: துத்தநாக விகிதம் 2 வர வேண்டிய இடத்தில் 1.3 வருகிறது, அல்லது 2.8 வருகிறது

பாதி நேரம் தவறு துத்தநாக அளவில் இல்லை, புரத அளவில்தான். சிறிய துத்தநாக டொமைன்கள் பலவற்றில் டிரிப்டோஃபான் கிடையாது. 280 நானோமீட்டர் உறிஞ்சல் மிகக் குறைவு. ஆக்சிஜனேற்றமடைந்த டி.டி.டி.யும் அங்கேயே உறிஞ்சும். பி.சி.ஏ. என்ற புரத அளவீட்டு முறையை டி.சி.இ.பி. குழப்பும். 205 நானோமீட்டரில் அளவிடுங்கள். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராமுக்கு 31 என்ற குணகம் எந்தப் புரதத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும். பஃபரும் அங்கே உறிஞ்சும் என்பதால் அதிகமாக நீர்த்து, அதே பஃபரை வெற்றாக வையுங்கள்.

துத்தநாகத்தை, அதோடு சேர்ந்து சிவக்கும் பி.ஏ.ஆர். சாயத்தால் அளவிடலாம். சாயம் 100 மைக்ரோமோலார், ஹெப்பிஸ் 50 மில்லிமோலார், பி.ஹெச். 7.5, குவானிடின் 4 மோலார். 500 நானோமீட்டரில் படியுங்கள். நூலில் உள்ள குணகத்தை எடுத்துப் போடாமல், 0 முதல் 20 மைக்ரோமோலார் வரை துத்தநாகத்தை அதே கரைசலில் வைத்து நேர்கோடு வரையுங்கள். டி.டி.டி., டி.சி.இ.பி. இரண்டையும் முன்னதாகவே உப்புநீக்கத் தூணில் கழித்துவிடுங்கள். நான்கு சிஸ்டீன் இடம் பிடிவாதமாகத் துத்தநாகத்தை விடாது. தயோலை அடைக்கும் பாதரசச் சேர்மம் சேர்த்தால் விடும், ஆனால் அதன் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். ரப்பர் அடைப்பான்களிலும் சில கையுறைகளிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு. வெற்றுக் கரைசலிலேயே சிவப்பு ஏறினால் அவற்றிலிருந்து வருகிறது.

விகிதம் உண்மையிலேயே அதிகம் என்றால் ஹிஸ்-டேக் கூடுதலாகப் பிடித்திருக்கும். டேக்கை வெட்டி நீக்குங்கள்.

அறிகுறி: துத்தநாகம் சேர்த்தவுடன் வெண்கலங்கல்

துத்தநாக இருப்புக் கரைசலை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயாரியுங்கள். தூய நீரில் அது மெல்ல நீராற்பகுப்படைந்து தானே கலங்கும். புரதக் கரைசலின் பி.ஹெச். 8ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடாக விழும். பாஸ்பேட் இருந்தால் பாஸ்பேட்டாக விழும். இவை எதுவும் இல்லாமல் கலங்கினால், மிகுதித் துத்தநாகம் புரதங்களின் வெளிப்பரப்பு ஹிஸ்டிடின்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டது. கால் மடங்கு கால் மடங்காகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஹெச்.எஸ்.கியூ.சி. எடுங்கள். பீக்குகள் மாறுவது நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

இன்னொரு வழி, துத்தநாகத்துக்கு ஒரு தாங்கல் கொடுப்பது: 50 மைக்ரோமோலார் துத்தநாக குளோரைடோடு 1 மில்லிமோலார் இமினோடைஅசிட்டிக் அமிலம். அது உதிரித் துத்தநாகத்தைக் குறைவாகவே வைத்திருக்கும். டொமைனிலிருந்து பறிக்கும் அளவுக்கு வலிமை அதற்கு இல்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனக் குழுவினர் புரதக் கட்டமைப்புத் தரவு வங்கியில் சேர்த்த மனிதத் துத்தநாக டொமைன்களின் மாதிரி விவரங்களில் இந்தக் கலவையைக் காணலாம்.

டி.சி.இ.பி. ஹைட்ரோகுளோரைடு நல்ல அமிலம் என்பதை மறக்க வேண்டாம். நடுநிலையாக்காமல் ஊற்றினால் பி.ஹெச். சரிந்து துத்தநாகம் கழலும், புரதம் விழும். பழி மட்டும் துத்தநாகத்தின் மேல் விழும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு பீக்குகள்

துத்தநாகம் உள்ள புரதமும் இல்லாத புரதமும் கலந்திருந்தால் இரண்டும் தனித்தனிப் பீக்குகளாக வரும். மாற்றம் மெதுவானது என்பதால் சராசரியாகாது. துத்தநாகம் கால் மடங்கு சேர்த்துப் பாருங்கள். ஒரு கூட்டம் வளர்ந்து மறு கூட்டம் தேய்ந்தால் விஷயம் முடிந்தது. இரண்டு இடமுள்ள டொமைனில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தால், அந்தப் பக்கத்துப் பீக்குகள் மட்டும் இரட்டிக்கும்.

துத்தநாகத்துக்கு அசையவில்லை என்றால் நிக்கல் கலப்பையும் வால் பகுதி அறுபட்ட துண்டுகளையும் நிறை நிறமாலையில் தேடுங்கள். புரோலினை ஒட்டிய சில பீக்குகள் மட்டும் இரட்டித்தால் அது சிஸ்-டிரான்ஸ் மாற்றம். அது இயற்கை, அதோடு வாழலாம்.

அறிகுறி: முதல் நாள் அருமையான ஸ்பெக்ட்ரம், வாரக் கடைசியில் நாசம்

ஹெச்.என்.சி.ஏ.சி.பி., சி.பி.சி.ஏ.(சி.ஓ.)என்.ஹெச்., நைட்ரஜன்-15 நோயிசி (அருகருகே உள்ள ஹைட்ரஜன்களைக் காட்டுவது) என்று ஒவ்வொரு முப்பரிமாண அளவீடும் ஒன்று முதல் மூன்று நாள் ஓடும். 20 டிகிரியில் டி.டி.டி.யின் அரை ஆயுள் பி.ஹெச். 6.5இல் சுமார் 40 மணி நேரம், 8.5இல் ஒன்றரை மணி நேரம். திங்களன்று போட்ட 1 மில்லிமோலார் வெள்ளியன்று பேருக்குத்தான் இருக்கும். டி.சி.இ.பி. 0.5 முதல் 1 மில்லிமோலார் நீண்ட நாள் தாங்கும், ஆனால் பாஸ்பேட் பஃபரில் நடுநிலை பி.ஹெச்.இல் அதுவும் சீக்கிரம் கெடும். குழாயில் ஊற்றும் முன் ஆர்கான் ஓடவிடுங்கள், மூடியைச் சுற்றி பாராஃபிலிம் கட்டுங்கள், சோடியம் அசைடு 0.02% போடுங்கள்.

ஒவ்வொரு நீண்ட அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் 15 நிமிட ஹெச்.எஸ்.கியூ.சி. எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நடுவில் குவியும் கூர்மையான புதுப் பீக்குகள்தான் அவிழ்வின் முதல் அடையாளம். அவிழ்ந்த புரதம் கூர்மையான பீக் தருவதால் 5% இருந்தாலே தெரிந்துவிடும். அப்போதே மாதிரியைக் காப்பாற்றலாம். பத்து நாள் கழித்து முடியாது.

அறிகுறி: துத்தநாகத்தைச் சுற்றியுள்ள வளைவுகளில் பீக்குகளே இல்லை

அந்த என்.ஹெச். தொகுதிகள் நீரோடு வேகமாகப் புரோட்டானை மாற்றிக்கொள்கின்றன, அல்லது வளைவு நடுத்தர வேகத்தில் ஆடுகிறது. பி.ஹெச்.ஐ 7இலிருந்து 6.3க்கு இறக்குங்கள்; வெப்பநிலையை 298 கெல்வினிலிருந்து 288க்குக் குறையுங்கள். நீரை நேரடியாக அடக்கும் முன்நிறைவு முறையைக் கைவிட்டு, நீரின் காந்தத்தைத் திருப்பி நிறுத்தும் வாட்டர்கேட் வகைக்கு மாறுங்கள். ஆனால் பி.ஹெச். 5.5க்குக் கீழே ஆசைப்பட வேண்டாம். தயோலேட் (புரோட்டான் இழந்த தயோல்) புரோட்டானை ஏற்று துத்தநாகத்தை விடத் தொடங்கும் எல்லை அங்கே நெருங்குகிறது. ஒரு துத்தநாகத்தைச் சுற்றி மட்டும் எல்லாம் மங்கிப் பரந்திருந்தால் நிக்கலை மறுபடி நினையுங்கள். நான்முகி நிக்கல் காந்தத் தன்மை கொண்டது, அக்கம்பக்கத்துப் பீக்குகளை அது தின்றுவிடும்.

அறிகுறி: எந்தச் சிஸ்டீன் எந்தத் துத்தநாகத்தைப் பிடிக்கிறது என்று தெளிவாகவில்லை

இங்கேதான் தவறான கட்டமைப்புகள் பிறக்கின்றன. எட்டு பிடிப்பான்களை (துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டீன், ஹிஸ்டிடின்களை) நான்கு நான்காக இரண்டு கூட்டமாகப் பிரிக்க 35 வழிகள் உண்டு. வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் முதல் நான்கும் ஒரு துத்தநாகம், கடைசி நான்கும் ஒரு துத்தநாகம் என்று எண்ணத் தோன்றும். லிம் என்ற வகை டொமைனில் அது சரி. ரிங்கிலும் பி.ஹெச்.டி. விரல் என்ற வகையிலும் தவறு, அங்கே முதல் இணையும் மூன்றாம் இணையும் ஒன்று, இரண்டாம் இணையும் நான்காம் இணையும் ஒன்று. ரிங்கில் இரண்டு துத்தநாகங்களுக்கும் நடுவே சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் தூரம். தவறாகக் கட்டினாலும் கணிப்பு நிரல் சளைக்காமல் ஏதோ ஒரு மடிப்பைத் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

முதல் கணிப்பைத் துத்தநாகமே இல்லாமல் ஓட்டுங்கள். நோயிசி தொலைவுகளும் முதுகெலும்புக் கோணங்களும் மட்டும், வேறெதுவும் வேண்டாம். ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 15 தொலைவாவது இருந்தால், சிஸ்டீன்களின் கந்தகங்கள் தாமாகவே இரண்டு கூட்டமாகக் கூடும். 100 கட்டமைப்புகள் கணித்து, சிறந்த 20இல் கந்தகங்களுக்கு இடையே உள்ள எல்லாத் தொலைவுகளையும் ஒரு அட்டவணையாக எடுங்கள். ஒரே துத்தநாகத்தைச் சேர்ந்தவை 4 முதல் 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும். வேறு துத்தநாகத்தைச் சேர்ந்தவை 10ஐத் தாண்டும். ஒரே துத்தநாகத்தின் சிஸ்டீன்களிடையே பீட்டா ஹைட்ரஜன்களின் நோயிசி பீக்குகள் நேரடியாகவும் கிடைக்கலாம். கூட்டம் தெளிவாகப் பிரிந்த பிறகே துத்தநாகத்தைக் கணிப்பில் சேர்க்க வேண்டும்.

பிரியவில்லை என்றால் துத்தநாகத்துக்குப் பதிலாகக் காட்மியம்-113 போட்டுப் பாருங்கள். அதன் அணுக்கருச் சுழற்சி அரை. நான்கு சிஸ்டீன் பிடித்தால் 700 முதல் 750 பி.பி.எம். அருகே பீக் தரும். ஹிஸ்டிடின் கலந்தால் அதற்குக் கீழே இறங்கும். ஹைட்ரஜன்-காட்மியம் தொடர்பு அளவீட்டில் ஒவ்வொரு சிஸ்டீனின் பீட்டா ஹைட்ரஜனும் தன்னைப் பிடித்திருக்கும் காட்மியத்தோடு நேரடியாக இணைந்து தெரியும். ஊகத்துக்கே இடமில்லை.

இந்த முறையின் பெருமை தெரிய மெட்டலோதயோனினை நினைத்தால் போதும். ஏழு உலோகங்கள், இருபது சிஸ்டீன்கள் கொண்ட புரதம். எலியின் மெட்டலோதயோனின்-2க்கு 1986இல் வெளியான படிகக் கட்டமைப்பும், சூரிக்கில் குர்ட் வூத்ரிச் குழு காட்மியம்-113 துணையோடு தீர்த்த என்.எம்.ஆர். கட்டமைப்பும் உலோக இணைப்புகளில் ஒத்துப்போகவில்லை. படிகத்தை மறுபடி தீர்த்து 1991இல் வெளியிட்டபோது அது என்.எம்.ஆர். சொன்ன இணைப்புகளோடு பொருந்தியது. படிகம் என்றால் எப்போதும் மேல் என்ற எண்ணத்துக்கு இது நல்ல பாடம். அதைவிட, உலோக இணைப்பை நேரடியாக அளந்த தரவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கும் இதுவே சான்று.

அறிகுறி: ஹிஸ்டிடின் திரும்பி நிற்கிறது, அதைச் சுற்றித் தொலைவு மீறல்கள்

ஹிஸ்டிடின் வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள்: என்-டெல்டா-1, என்-எப்சிலான்-2. எது துத்தநாகத்தைப் பிடிக்கிறது என்று நீங்கள் தவறாகச் சொல்லியிருப்பீர்கள். இரண்டு சிஸ்டீன் இரண்டு ஹிஸ்டிடின் கொண்ட வழக்கமான துத்தநாக விரலில் என்-எப்சிலான்-2. ரிங், பி.ஹெச்.டி. வகைகளில் பெரும்பாலும் என்-டெல்டா-1. பழக்கத்தை நம்பாமல் அளந்துவிடுங்கள்.

நறுமண வளையத்தின் கார்பன் ஹெச்.எஸ்.கியூ.சி.யில் சி-எப்சிலான்-1இன் மதிப்பிலிருந்து சி-டெல்டா-2இன் மதிப்பைக் கழியுங்கள். 17 பி.பி.எம்.க்கு மேல் வந்தால் என்-டெல்டா-1 பிடிக்கிறது. குறைவாக வந்தால் என்-எப்சிலான்-2. இதோடு நீண்ட தூர ஹைட்ரஜன்-நைட்ரஜன் ஹெச்.எஸ்.கியூ.சி. ஒன்றும் எடுங்கள்: மாற்ற நேரம் 22 மில்லிவினாடி, நைட்ரஜன் மையம் 200 பி.பி.எம். அருகே. துத்தநாகம் பிடித்த நைட்ரஜன் 210 சுமாருக்கும், புரோட்டான் ஏந்திய மற்றது 170 சுமாருக்கும் வரும். 250 அருகே ஒரு பீக் தெரிந்தால் அந்த நைட்ரஜன் வெறுமையாக இருக்கிறது. அதாவது அந்த ஹிஸ்டிடின் துத்தநாகத்தைப் பிடிக்கவே இல்லை. சிஸ்டீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த ஹிஸ்டிடினையும் பிடிப்பான் ஆக்காதீர்கள்.

அறிகுறி: கட்டமைப்புகள் அழகாக ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன, ஆனால் துத்தநாகத்தின் வடிவம் கோணலாக இருக்கிறது

துத்தநாகம்-கந்தகம் 2.3 ஆங்ஸ்ட்ராம், துத்தநாகம்-நைட்ரஜன் 2.0 என்று மட்டும் கொடுத்தால் நான்முகி வடிவம் கிடைக்காது. பிடிப்பான்கள் ஒரே பக்கம் குவியலாம். கந்தகம்-கந்தகம் 3.7 முதல் 3.8, கந்தகம்-நைட்ரஜன் 3.5, துத்தநாகத்திலிருந்து சிஸ்டீனின் சி-பீட்டா 3.4 என்றும் சேர்த்துக் கட்டுங்கள். துத்தநாகம் ஹிஸ்டிடின் வளையத்தின் தளத்திலேயே இருக்க, பிடிக்கும் நைட்ரஜனின் இரு பக்கக் கார்பன்களுக்கும் 3.0 ஆங்ஸ்ட்ராம் கொடுங்கள்.

எல்லாம் கட்டிய பிறகு ஏதாவது ஒரு நோயிசி தொலைவு ஒவ்வொரு கட்டமைப்பிலும் மீறிக்கொண்டே இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். துத்தநாகக் கட்டுப்பாட்டை நீக்கி ஒரு முறை ஓட்டுங்கள். மீறல் மறைந்துவிட்டால் தவறு உங்கள் பிடிப்பான் பட்டியலில் இருக்கிறது, அந்தத் தொலைவில் இல்லை. மேலே சொன்ன ஹிஸ்டிடின் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் முகம் காட்டும்.

அறிகுறி: படிகம் கிடைத்தது, ஆனால் துத்தநாகத்தின் முரண்சிதறல் தெரியவில்லை

முரண்சிதறல் என்பது ஓர் உலோகம் தன் உறிஞ்சல் விளிம்புக்கு அருகே எக்ஸ்கதிரை மாறுபட்டுச் சிதறுவது. ஆய்வகத்துத் தாமிர எக்ஸ்கதிரில் (1.5418 ஆங்ஸ்ட்ராம்) எடுத்திருந்தால் அது தெரியாதது இயல்பே. துத்தநாகத்தின் கே விளிம்பு 9.659 கிலோ எலக்ட்ரான்வோல்ட், அதாவது 1.2837 ஆங்ஸ்ட்ராம், தாமிரக் கதிரின் ஆற்றல் அதற்குக் கீழே. சிங்க்ரோட்ரானில் விளிம்புக்குச் சற்று மேலே எடுத்தால் முரண்சிதறல் 4 எலக்ட்ரான் அளவுக்கு ஏறும். 70 அமினோ அமிலத்துக்கு இரண்டு துத்தநாகம் என்றால் எதிரிணைப் பிரதிபலிப்புகளின் வேறுபாடு ஏறத்தாழ 5% வரும். அது கட்டமைப்பைத் தீர்க்கத் தாராளம்.

அங்கேயும் தெரியவில்லை என்றால் படிகமாக்கிய கரைசலைப் பாருங்கள். சிட்ரேட், பி.ஹெச். 4.6 போன்ற நிலைகளில் துத்தநாகம் கழன்றிருக்கும். அதற்கு மாறாக, துத்தநாக அசிடேட் கலந்த கரைசலில் வளர்ந்த படிகத்தில் பரப்பு முழுக்கத் துத்தநாகம் ஒட்டியிருக்கும். அவற்றில் எது உண்மையான பிணைப்பிடம் என்பதைச் சுற்றியுள்ள நான்கு பிடிப்பான்கள்தான் சொல்லும். உலோகம் துத்தநாகம்தானா என்ற ஐயம் தீர, விளிம்புக்கு மேலும் கீழுமாக இரண்டு தரவுத் தொகுதிகள் எடுத்து முரண்சிதறல் வரைபடம் போடுங்கள். மேலே எழுந்த பீக் கீழே ஏறக்குறைய மறைந்தால் துத்தநாகம். கீழேயும் உயரமாக நின்றால் நிக்கல், அதன் விளிம்பு 8.333 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் இருப்பதால்.

அறிகுறி: தரவு வங்கியின் சரிபார்ப்பு அறிக்கையில் துத்தநாகத்தைச் சுற்றிச் சிவப்பு

சிஸ்டீன்களின் தயோல் ஹைட்ரஜனை நீக்காமல் ஒப்படைத்திருப்பீர்கள். துத்தநாகத்தோடு அது மோதுவதாக அறிக்கை சொல்லும். ஹிஸ்டிடினில் துத்தநாகம் பிடிக்கும் நைட்ரஜனின் மேலும் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் திருத்தி, செக்மைமெட்டல் தளத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிடிப்பான் எண்ணிக்கை, கோணங்கள், பிணைப்பு நீளம் என்று தனித்தனியாகக் காட்டும். துத்தநாகத்துக்குப் பிடிப்பான் மூன்று என்று வந்தால், நான்காவது ஒரு நீர் மூலக்கூறாக இருக்க வாய்ப்புள்ள நொதியா உங்கள் டொமைன் என்று கேளுங்கள். மடிப்புக்காகத் துத்தநாகம் பிடிக்கும் டொமைனில் மூன்று வந்தால் இன்னொரு சிஸ்டீனோ ஹிஸ்டிடினோ இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் வரிசையில் இருக்கிறது. சி-பீட்டா அட்டவணையை மறுபடி எடுத்து 31 பி.பி.எம். அருகே விட்டுப்போன சிஸ்டீன் எது என்று தேடுங்கள்.